உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக் கணினியில் வெந்த மென்பொருள்

● மூலநிரலை அப்படியே ஓட்ட முடியாது. ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்து பொதியாகக் கட்டித் தர வேண்டும். டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில், மோட்டோரோலா 68000 குடும்பச் சிப்புகளுக்கு அந்த வேலையைப் பார்த்தவை தன்னார்வலர்களின் பழைய அமிகா, அடாரி, மேக்கின்டாஷ் கணினிகள். பாதிப் பேர் கேம் விளையாட வாங்கிய பெட்டியாகத்தான் இருக்கும்!

● 1998 ஜூலையில் வெளியான டெபியன் 2.0-வில் பொதிகள் 1,500-க்கும் மேல். அந்தப் பழைய மெஷின்களில் பெரிய பொதி ஒன்று முடிய நாள்கணக்காகும். இரண்டு பேர் தெரியாமல் ஒரே பொதியைக் கட்டினால் அத்தனை நாளும் வீண். அதற்காக ரோமன் ஹோடெக் எழுதிய பணிப்பட்டியல் நிரலின் பெயர் ‘வான்னா பில்ட்’. நம் பேச்சில் சொன்னால், ‘கட்டணுமா?’

அந்நாளில் வீட்டுக் கணினி அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு பொதியைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும். கட்டி முடித்ததும் வேலைப் பதிவை (லாக்) அந்தக் கணினியின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பும். அவர் வாசித்துப் பார்த்து, கோளாறு இல்லை என்றால் டிஜிட்டல் கையொப்பம் போட்டுப் பதில் அனுப்புவார். அது வந்தால்தான் பொதி டெபியனின் களஞ்சியத்துக்கு ஏறும். கணினிக்கு ராத்திரி ஷிப்ட், ஐயாவுக்குக் காலையில் கையெழுத்து. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பிற்பாடு டெபியனின் மற்றச் சிப்புகளும் இதே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தன.

● 2007-இல் வந்த டெபியன் 4.0-வில் 68000 குடும்பச் சிப்புக்கு அதிகாரபூர்வ இடம் இல்லை. ஆர்வலர்கள் விடவில்லை, ‘டெபியன் போர்ட்ஸ்’ என்ற தனித் திண்ணைக்குப் போய்விட்டார்கள்.

● வீட்டில் இரண்டு மூன்று கணினி இருக்கிறதா? ‘டிஸ்ட்சிசி’ என்ற நிரல் கம்பைல் வேலையைப் பங்குபோடும். ஹெடர் கோப்புகளைச் சேர்ப்பது உங்கள் கணினியில். கம்பைல் பக்கத்துக் கணினியில். காய் நறுக்குவது இங்கே, வதக்குவது அங்கே. கடைசியில் லிங்க் செய்து இறக்குவது மறுபடி உங்கள் அடுப்பில்.

● வேற்றுக்கிரக உயிரைத் தேடிய ‘செட்டி அட் ஹோம்’ திட்டம் 1999 முதல் 2020 வரை வீட்டுக் கணினிகளுக்கு வேலை கொடுத்தது. ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்கு அனுப்பி விடையை ஒப்பிடுவார்கள். பொதி கட்டுவதில் இந்த உத்தி எளிதில் பலிக்கவில்லை. ஒரே நிரலை இரண்டு வீட்டில் கட்டினால், கட்டிய நேரமும் கோப்புறையின் பெயரும் உள்ளே பதிந்து, பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகாது. அந்தத் தூசியைத் துடைக்கும் வேலையை டெபியன் 2013-இல் தொடங்கியது. இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

● 2019-இல் டெபியன் ஒரு விதியும் போட்டது. பராமரிப்பாளர் தன் கணினியில் கட்டிய பொதி அடுத்த வெளியீட்டுக்குப் போகாது. மூலநிரலை மட்டும் கொடுத்தால் போதும், திட்டத்தின் கணினிகளே கட்டிக்கொள்ளும்.

● அப்படியும் 2024-இல் ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்கு மென்பொருளில் ஒரு கள்ளக் கதவு நுழைந்துவிட்டது. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழைவது அரை விநாடி தாமதமாவதை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் கவனித்ததால் குட்டு உடைந்தது. அதிலுள்ள தந்திரத்தைப் பாருங்கள்: டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டுகிறார்களா என்று முதலில் நோட்டம் பார்க்கும். ஆமாம் என்றால்தான் உள்ளே போய் உட்காரும். நீங்கள் வீட்டில் சும்மா கம்பைல் செய்து பார்த்திருந்தால் பூனை போலத் தூங்கியிருக்கும்.