தரை இல்லையா? பந்தல் போடுவோம்!



ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து சைக்கிள் கொட்டகைப் பக்கம் வந்தேன். வயதான அக்கா ஒருவர் வழிமறித்தார். "தம்பி, சம்பளம் சம்பளம்னு மணிக்கணக்காப் பேசினீங்க. சரி. பாசாருக்குப் போனா காய்கறிக்கே பாதிக் காசு போயிடுதே, அதுக்கு என்ன வழி? கொல்லையில ரெண்டு கொடி போடலாம்னா இடம் எங்கே இருக்கு?" என்றார்.

லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவருக்கும் கானுக்கும் நடுவே எட்டடி. அதற்கு அப்பால் செம்பனை. நியாயமான கேள்விதான். கூட்டத்தில் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. வெள்ளைக்காரன் காலத்தில், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு தோட்டத்தில் இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் போட ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 2,700 சதுர அடி! ஆக, தொழிலாளி காய்கறி போடுவது யாரோ போடும் பிச்சை அல்ல. இதை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை.

இன்றைக்குக் கையில் இருப்பது எட்டடி. தரை குறைந்தால் வானம் இருக்கிறது. கடையில் 'லாபு' என்கிறோமே, அந்த மஞ்சள் பூசணியைத் தரையில் விட்டால் கொல்லை முழுக்க ஓடும். பந்தலில் ஏற்றினால் மூன்று குழியே போதும். மழை நாளில் காய் சேற்றில் கிடந்து அழுகாது. காற்றுப் படுவதால் இலை சீக்கிரம் உலரும், பூஞ்சை நோய் குறையும். பந்தல் நிழலில் துணியும் துவைக்கலாம்.

குழி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். மக்கிய மாட்டெரு, காய்ந்த இலை, மேல்மண் கலந்து நிரப்பி, வாயை மேடாக்குங்கள். நம் மழைக்குப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். குழிக்குக் குழி நான்கடி. மூன்று விதை ஊன்றி, முளைத்த பிறகு நல்ல செடி ஒன்றை மட்டும் விடுங்கள்.

கால்கள் மூங்கிலோ பக்காவ் கட்டையோ இருக்கட்டும். செம்பனை மட்டையை நம்பாதீர்கள், காய் முற்றுவதற்குள் அது இற்றுவிடும். இரண்டடி மண்ணுக்குள், ஆறரை அடி வெளியே. ஆறடிக்கு ஒரு கால். மேலே குறுக்கே மூங்கில் போட்டு, கை நுழையும் அளவுக்கு நைலான் கயிற்றில் வலை பின்னுங்கள். பத்துக் காய், காய்க்கு மூன்று கிலோ என்றாலே முப்பது கிலோ. மழையில் நனைந்த கொடியின் பாரம் தனி. ஆகவே தகரக் கூரையிலும் தண்ணீர்க் குழாயிலும் பந்தலைக் கட்டாதீர்கள். மின்சாரக் கம்பி பக்கமே போகக் கூடாது. கீழே நம் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

கொடி பந்தலைத் தொடும் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். வாழை நாரில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் தண்டு வெட்டுப்படும்.

"பூ நிறையப் பூக்குது, காயே பிடிக்கலை" என்பது எல்லா லயத்திலும் கேட்கும் புகார். முதலில் வருவது ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். பூ விரிவது விடியற்காலையில். வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். பூ விரிகிற நேரம் நாம் பெரட்டு முடிந்து காட்டில் நிற்கிற நேரம்! அதனால் இந்த வேலை வீட்டில் இருக்கும் பாட்டியுடையது. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். அவ்வளவுதான்.

பிஞ்சு பிடித்ததும் காகிதப் பையால் மூடினால் பழ ஈ அண்டாது. ஈ குத்தி விழுந்த பிஞ்சை அங்கேயே விடாமல் ஆழமாகப் புதையுங்கள். காய் இரண்டு கிலோவைத் தாண்டும்போது வெங்காய வலைப்பையிலோ பழைய சட்டையிலோ தொட்டில் கட்டுங்கள். தொட்டில் தொங்க வேண்டியது மூங்கிலில், கொடியில் அல்ல. காம்பு காய்ந்து, நகம் தோலில் இறங்காவிட்டால் காய் தயார். இரண்டு விரல் காம்பு விட்டு அறுத்தால் நாள்பட இருக்கும்.

மருந்து அடிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பாராகுவாட் 2020 முதல் நம் நாட்டில் தடை. ஆனாலும் எந்த மருந்து வந்த டின்னிலும் செடிக்குத் தண்ணீர் மொள்ள வேண்டாம்.

கடைசியாக என் அம்மா கதை. பால் வெட்டியவர். நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் லயத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பந்தல் போட்டிருந்தார். பெரிய துரை பார்வையிட வருகிறார், பந்தல் அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு நாள் மண்டோர் பாராங்கோடு வந்தார். பதினொரு காய், ஒன்றுகூட முற்றவில்லை. எல்லாம் தரையில். அம்மா அழவில்லை. பிஞ்சுகளைப் பொறுக்கிக் கூட்டு வைத்து லயம் முழுக்கக் கொடுத்தார். அன்று யாரும் வாய் திறக்கவில்லை. திறந்து காட்டக் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். குழி தோண்டும் முன் நாலு வீட்டார் சேர்ந்து கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும்.

ஞாயிற்றுக்கிழமை மூங்கில் வெட்டலாம். காகிதத்தை அதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.