துணி சுற்றினால் பூ மலரும்!

குட்டீஸ்... பாவாடை ஓரத்திலும், தலையணை உறையிலும் நூலால் தைத்த குட்டிக் குட்டிப் பூக்களைப் பார்த்திருப்பீர்கள். சில துணிகளில் எல்லாப் பூவும் ஒரே அளவாக, அச்சில் வார்த்தது போல அழகான வட்டமாக இருக்கும். 'இதை எப்படிக் கையால் தைத்தார்கள்?' என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்களா?

கையால் அல்ல, தையல் மெஷினில் தைத்தது! அதற்கென்றே உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. 'ஃப்ளவர் ஸ்டிச் ஃபுட்' என்று அதற்குப் பெயர். மெஷினில் அதை மாட்டிவிட்டால் போதும், கிடுகிடுவென்று பூ தயார்.

அதெல்லாம் சரி, ஒரு சந்தேகம் வருகிறதே... தையல் மெஷினின் ஊசிக்கு மேலே போகவும், கீழே வரவும்தானே தெரியும்? அது எப்படி வட்டமாகப் பூப் போடுகிறது?

ஊசி ஓடாது... துணி ஓடும்!

அடுத்த முறை தையல் கடைக்குப் போகும்போது, ஊசிக்குக் கீழே உற்றுப் பாருங்கள். இரும்புத் தட்டின் துளைகளில் ரம்பம் போலச் சின்னப் பற்கள் தெரியும். ஊசி மேலே எழும்பும் ஒவ்வொரு முறையும், இந்தப் பற்கள் துணியைக் கொஞ்சம் முன்னே தள்ளும். ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் 'ஃபுட்' என்ற இரும்புப் பாதம், துணி எழும்பாமல் அழுத்திக் கொள்ளும். துணி நேராக நகர்வதால் தையலும் நேராக விழுகிறது.

ஊசியில் ஒரு நூல், அடியில் பாபினில் ஒரு நூல். இரண்டும் துணிக்குள் ஒன்றையொன்று பின்னிக் கொள்வதால்தான் தையல் நிற்கிறது. இப்படித் தைக்கும் மெஷினுக்கு அமெரிக்காவின் ஈலியஸ் ஹோவ் 1846ல் காப்புரிமை வாங்கினார்.

அப்படியானால், துணியை நேராகத் தள்ளாமல் வட்டமாகச் சுற்றினால்? தையலும் வட்டமாக விழும் அல்லவா? அதுதான் ரகசியம்!

காலால் மிதிக்கும் கறுப்பு மெஷினிலேயே எம்ப்ராய்டரி போடுபவர்கள் நம் ஊரில் உண்டு. ஃபுட்டைக் கழற்றிவிட்டு, துணியை வட்டச் சட்டத்தில் இறுக்கி, இரண்டு கையாலும் அங்கும் இங்கும் நகர்த்துவார்கள். பூ, இலை, மயில் எல்லாம் வரும். ஆனால், அதற்கு நிறையப் பழக்கம் வேண்டும். கை கொஞ்சம் தடுமாறினாலும் வட்டம் முட்டையாகிவிடும். அந்தக் கையின் வேலையைத்தான் இந்தக் குட்டிக் கருவி செய்கிறது.

சைக்கிள் சொல்லும் பாடம்

இந்தக் கருவியை ஓட்டத் தனி மோட்டார் கிடையாது. அதன் கை ஒன்று, ஊசியை இறுக்கிப் பிடித்திருக்கும் திருகின் மேல் உட்கார்ந்திருக்கும். ஊசி ஏறினால் கையும் ஏறும், இறங்கினால் இறங்கும். கருவிக்குள் ஒரு பல்சக்கரம் உண்டு. கை ஒவ்வொரு முறை அசையும்போதும், சக்கரம் கொஞ்சம் திரும்பும்.

'கை மறுபடி பழைய இடத்துக்கு வரும்போது, சக்கரமும் திரும்பி வந்துவிடாதா?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! சைக்கிள் பெடலைப் பின்பக்கமாக மிதித்துப் பாருங்கள். 'கடகட'வென்று சத்தம்தான் வரும். சக்கரம் பின்னால் போகாது. ஒரு பக்கம் மட்டுமே தள்ளும் தந்திரம் அது. இதே தந்திரம்தான் இங்கேயும்.

துணி எப்போது திரும்பும் தெரியுமா? ஊசி துணியை விட்டு வெளியே வந்த பிறகுதான்! ஊசி உள்ளே குத்தியிருக்கும்போது துணி நகர்ந்தால், ஊசி 'படக்'கென்று உடைந்துவிடும்.

இன்னொன்று... பூ தைக்கும்போது, அடியிலுள்ள பற்களைக் கீழே இறக்கிவிடுவார்கள். அல்லது தகடு போட்டு மூடுவார்கள். இல்லாவிட்டால், பற்கள் நேராகத் தள்ளும், கருவி வட்டமாகச் சுற்றும். கயிறு இழுக்கும் போட்டிதான் நடக்கும்!

இதழ் தந்த பெண்மணி

துணி சுற்றினால் வெறும் வட்டம்தானே வரும்? இதழ் வேண்டாமா? அதற்கு ஊசி, மேலும் கீழும் போவதோடு இடமும் வலமும் ஆட வேண்டும். இதுவே 'ஜிக்ஜாக்' தையல்.

ஜிக்ஜாக் தைக்கும் மெஷினுக்கு 1873ல் காப்புரிமை பெற்றவர், ஹெலன் பிளாஞ்சார்ட் என்ற அமெரிக்கப் பெண். வசதியான வீட்டில் பிறந்தவர். அவருடைய அப்பாவின் தொழில் நொடித்து, குடும்பம் சொத்துகளை இழந்தது. ஹெலன் சோர்ந்துவிடவில்லை. கடன் வாங்கிக் காப்புரிமைக் கட்டணம் கட்டினார். மொத்தம் 28 காப்புரிமைகள் பெற்றார். பெரும்பாலானவை தையல் மெஷின் சம்பந்தப்பட்டவை. கைவிட்டுப் போன குடும்ப வீட்டையும், தன் சம்பாத்தியத்தில் திரும்ப வாங்கினார். சபாஷ்தானே!

மெஷின் இல்லாமலே பூப் போடலாம்!

ஒரு தெர்மோகோல் துண்டின் மேல் வெள்ளைக் காகிதத்தை வையுங்கள். காகிதத்தின் நடுவில் ஒரு குண்டூசியைக் குத்துங்கள். குண்டூசியிலிருந்து 2 செ.மீ., தள்ளிப் பென்சிலை வைத்து, காகிதத்தை மட்டும் சுற்றச் சொல்லுங்கள் நண்பனிடம். வட்டம் வரும்.

இப்போது பென்சிலை 2 செ.மீ., தூரத்துக்கும் 4 செ.மீ., தூரத்துக்கும் இடையே, ஒரே நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் இழுத்துக் கொண்டே இருங்கள். நண்பன் காகிதத்தை மெதுவாகச் சுற்றட்டும். அடடா... சூரியகாந்தி மாதிரி ஒரு பூ! காகிதத்தை வேகமாகச் சுற்றினால், இதழ்கள் அகலமாக விழும். மெதுவாகச் சுற்றினால், நெருக்கமாக விழும். பென்சில்தான் ஊசி, நண்பன்தான் அந்தக் குட்டிக் கருவி!

வீட்டில் ஜிக்ஜாக் மெஷின் இருந்தால், அம்மாவையோ, அக்காவையோ நிஜப் பூ தைத்துக் காட்டச் சொல்லுங்கள். மெல்லிய துணி என்றால், அடியில் ஒரு காகிதம் வைத்துத் தைத்தால் சுருங்காது; தைத்த பின் காகிதத்தைக் கிழித்துவிடலாம். பூவின் நடுவில் ஒரு மணி கோர்த்தால், இன்னும் ஜோர்!

ஓடும் மெஷினின் ஊசிப் பக்கம் மட்டும் விரலைக் கொண்டு போகவே கூடாது. கருவியை மாட்டுவதும், கழற்றுவதும் பெரியவர்கள் வேலை. மோட்டார் மெஷின் என்றால், சுவிட்சை அணைத்த பிறகே அதைத் தொட வேண்டும். சரியா குட்டீஸ்?