கட்டு காலுக்குத்தான், உடம்புக்கு இல்ல!

கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டதும் "அசையாம படு" என்பார்கள். ஆனால் படுத்தே கிடந்தால் தொடைச் சதை சில வாரத்தில் மெலிந்துவிடும். கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும், இல்லாவிட்டால் உறைந்துபோகலாம்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டியவை:

* மணிக்கு ஒரு தடவை கால் விரல்களை மடக்கி நீட்டுங்க.
* தொடையை இறுக்கி, 5 எண்ணி விடுங்க, 10 தடவை.
* படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்க.
* டாக்டர் சொல்லாமல் அந்தக் காலை ஊன்றாதீங்க.

விரல் மரத்தாலோ, கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி போங்க. திடீரென மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்க.

உட்கார்ந்தபடியே காய் நறுக்கலாம், குழுக் கணக்கு எழுதலாம். உறுப்பினர் யாருக்காவது இப்படி ஆனால், அடுத்த கூட்டத்தை அவங்க வீட்டுத் திண்ணையிலேயே வையுங்க!