மலையூர்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கல்வி: செலவும் பயனும்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் தலைச்சோலை, நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் முதலிய ஊர்களின் மக்கள் காப்பியையும் மிளகையும் நம்பி வாழ்பவர்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்தவுடன், இவ்வூர்களில் பல குடும்பங்களில் ஒரே கேள்வி எழுகின்றது. பிள்ளையை மலைக்குக் கீழே அனுப்பிப் பட்டப்படிப்புப் படிக்க வைப்பதா, அன்றித் தோட்ட வேலைக்கு அழைத்துக் கொள்வதா என்பதே அக்கேள்வி.

மாடு வாங்கும் குடியானவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், கறந்து பார்த்த பின்னரே விலை பேசுகிறார். ஆனால் மூன்றாண்டுக் காலத்தையும் குடும்பத்தின் சேமிப்பையும் கேட்கின்ற கல்லூரிப் படிப்பைப் பற்றி மட்டும், யாரோ ஒருவர் சொன்ன சொல்லைக் கேட்டு முடிவு செய்துவிடுகிறோம். 'படித்தால் வேலை உறுதி' என்று ஒருவர் சொல்வார். 'படித்து என்ன கண்டார்கள்?' என்று மற்றொருவர் சொல்வார். இவ்விரண்டும் கணக்குப் போடாமல் சொன்ன சொற்களே. கணக்கை எவ்வாறு போடுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழகம் மலையடிவாரத்துக்கு வந்த வரலாறு

1857-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதன் பின்னர் நெடுங்காலம் சேலம் பகுதிக் கல்லூரிகள் அதனோடு இணைந்தே இயங்கி வந்தன. 1966-இல் மதுரையிலும், 1982-இல் கோயம்புத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றின. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கப்பெற்றது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இன்று இதனோடு இணைந்துள்ளன. 2021-இல் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு இதற்கு 'ஏ பிளஸ் பிளஸ்' என்னும் உயர்ந்த தரத்தை வழங்கியது.

இவ்வாறு மாவட்டந்தோறும் உயர்கல்வியைக் கொண்டு சென்றதன் பயன் சிறிதன்று. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரிப் பருவத்திலுள்ள நூறு பேருக்கு உயர்கல்வி பெறுவோர் விகிதம் தமிழ்நாட்டில் 47; இந்தியா முழுவதற்கும் 28.4. ஆயினும் நாடு முழுவதிலும் பழங்குடியினரிடையே இவ்விகிதம் 21.2 தான். பல்கலைக்கழகம் அருகே வந்தால் மட்டும் போதாது, அதன் வாயிலுக்குள் நுழையும் வழியும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இந்த எண் உணர்த்துகின்றது.

பட்டம் ஒன்று, கட்டணம் பல

பெற்றோர் முதலில் அறியவேண்டிய செய்தி இது. இளங்கலைப் படிப்பை மாணவர்களிற் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். அக்கல்லூரிகள் மூவகைப்படும்: அரசே நடத்துபவை, அரசின் உதவி பெறுபவை, சுயநிதியில் நடப்பவை. மூன்றிலும் படித்து முடித்தவருக்குக் கிடைக்கும் பட்டம் ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டமே. கட்டணமோ பெரிதும் வேறுபடும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலை மாணவருக்கு 2007-08 முதலும், முதுகலை மாணவருக்கு 2010-11 முதலும் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டது. தேர்வுக் கட்டணம் முதலிய சிறு தொகைகளே எஞ்சியுள்ளன. உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் வகுப்பும் சுயநிதி வகுப்பும் நடப்பதுண்டு. இவ்விரண்டுக்கும் கட்டணம் வேறு. 'எங்களுக்குக் கிடைத்திருப்பது எந்தப் பிரிவில்?' என்று பணம் செலுத்துவதற்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும். கட்டடத்தின் பெருமையைப் பார்த்துக் கட்டணத்தை ஒப்புக்கொள்வது, கொட்டகை பெரிதாயிருக்கிறது என்று மாடு வாங்குவதை ஒக்கும்.

செலவைக் கணக்கிடும் முறை

கட்டணம் ஒன்றுதான் செலவு என்று நினைப்பது பிழை. மலையூர்க் குடும்பத்துக்குச் செலவு ஐந்து வகையில் வருகின்றது: கட்டணம், உணவும் தங்குமிடமும், போக்குவரத்து, நூல்களும் கருவிகளும், பிள்ளை வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலி. அரசுக் கல்லூரியைப் பொறுத்தவரை முதலாவது வகையே மிகச் சிறியது. மற்ற நான்குமே குடும்பத்தை அழுத்துகின்றன.

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். உட்கிடைச் சிற்றூர்களிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து சேர்வதற்கே தனியாக நேரம் வேண்டும். அரசுக் கல்லூரி மாணவருக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. ஆனால் முதல் பேருந்து எப்பொழுது புறப்படுகிறது, கடைசிப் பேருந்து எப்பொழுது திரும்புகிறது என்பதை அந்த அட்டை மாற்றிவிடாது. நாள்தோறும் சென்று திரும்புவது இயலாதெனில் விடுதி இன்றியமையாதது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை விடுதிகளில் உணவும் உறைவிடமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆகவே கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்பொழுதே விடுதியையும் விசாரித்து வைத்தல் நலம். இடம் கிடைத்த பின்னர் விடுதியைத் தேடித் தவித்துப் படிப்பைக் கைவிடும் நிலை வரக்கூடாது.

பணம் கைக்கு வரும் காலத்தையும் கருதவேண்டும். காப்பிப் பழம் பறிப்பது கார்த்திகை முதல் மாசி வரை. மிளகு அறுவடை தை, மாசியில். கல்லூரி திறப்பதோ ஆனி, ஆடியில். அப்பொழுது கையிருப்பு கரைந்து போயிருக்கும். வட்டிக்காரரிடம் செல்வதும், வரப்போகும் மிளகை வியாபாரியிடம் முன்கூட்டியே அடகு வைப்பதும் இக்காலத்தில்தான். மாசியில் மிளகு விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கத்திலோ அஞ்சல் அலுவலகத்திலோ படிப்புக்கென்று தனியே போட்டு வைத்தால் இத்தொல்லை நீங்கும்.

அரசின் உதவிகள்

பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்குள் உள்ள பழங்குடி மாணவருக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகை உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வகை செய்தது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மூன்றாண்டுப் படிப்புக்கு இத்தொகை 36,000 ரூபாய் ஆகும். பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021-இல் அளிக்கப்பட்டது. திட்டங்களின் விதிகள் அவ்வப்பொழுது மாறக்கூடும். ஆகையால் சேரும் ஆண்டின் விதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

வங்கிக் கடன் கடைசி வழியாகவே இருக்கட்டும். கல்விக்கடனில் 4 இலட்சம் ரூபாய் வரை நிலமோ நகையோ ஈடாகக் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஈடில்லாக் கடனும் கடனே. கற்பிப்புக் கட்டணமில்லாத அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும்பொழுது, அதே பட்டத்துக்காகக் கடன் வாங்கி வேறிடத்தில் சேர்வதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும்.

பயனை அளக்கும் முறை

செலவை அறிந்தோம். இனிப் பயனை அறிய வேண்டும். கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள்ளன. மூன்றாண்டுக்கு முன் இவ்வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்று வெளியேறினார்கள்? நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? ஆய்வுக்கூடமும் நூலகமும் உண்மையில் திறந்திருக்கின்றனவா? நம் மலையிலிருந்து முன்னர் படித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? அரசுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு என்பதனால் குறையே இல்லை என்று கொள்ளக்கூடாது. ஆசிரியர் பணியிடங்கள் காலியாயிருப்பதும், ஒரு வகுப்பில் மாணவர் மிகுந்திருப்பதும் பல இடங்களில் உண்டு. அவற்றை அறிந்து சேர்வது வேறு, அறியாமல் சேர்ந்து மனமுடைவது வேறு.

பயிற்று மொழியும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பள்ளி முழுவதும் தமிழில் பயின்ற பிள்ளை, திடீரென ஆங்கில வழி அறிவியல் வகுப்பில் அமர்ந்து திகைத்து, முதற்பருவத் தேர்விலேயே பல தாள்களில் தவறிவிடுவதுண்டு. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ்வழி வகுப்புகள் நடைபெறுகின்றன. தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பெற்றது. தொடக்கப்பள்ளி முதலே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும் என 2020-இல் அது திருத்தப்பட்டது. எனவே தமிழ்வழி வகுப்பைத் தாழ்வென்று ஒதுக்குதல் தகாது.

எல்லாப் பிள்ளைக்கும் பட்டப்படிப்பே ஏற்றது என்பதும் அன்று. கைத்தொழிலில் நாட்டமுள்ளவருக்குத் தொழிற்பயிற்சி நிலையமோ பாலிடெக்னிக்கோ விரைவில் பயன் தரலாம். வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்குத் தொலைநிலைக் கல்வி உண்டு. 2002-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கெனவே இயங்குகின்றது. ஆனால் 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி உரிமை பெற்ற நிறுவனங்களே பட்டம் வழங்க முடியும். தேர்வெழுதாமலே பட்டம் வாங்கித் தருவதாக ஊருக்குள் வரும் தரகர்களிடம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் பயன் பட்டம் பெறுபவரோடு முடிந்துவிடுவதில்லை. 1862-இல் அமெரிக்க அரசு மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, உழவர் பிள்ளைகளுக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் கல்லூரிகள் அமைக்க வழி செய்தது. அவற்றின் அறிவு பின்னர் வயல்களுக்கே திரும்பி வந்தது. அம்முறையைத் தழுவி இந்தியாவின் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1960-இல் பந்த் நகரில் தோன்றிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-இல் தோன்றிற்று. இதன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கின்றது. மிளகுக்கொடி வாடினாலும், காப்பிச் செடியில் நோய் கண்டாலும், அங்கே சென்று ஆலோசனை கேட்கும் விவசாயி பல்கலைக்கழகத்தின் பயனைப் பெறுபவரே ஆவார்.

சான்றிதழ் என்னும் வாயில்

சேலம் மாவட்டத்தில் மலையாளி வகுப்பினர் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். மேற்கூறிய உதவிகள் பலவற்றுக்குச் சாதிச் சான்றிதழே திறவுகோல். 1989 முதல் பழங்குடியினருக்கான சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர். விசாரணைக்கும் காலம் பிடிக்கும். தேர்வு முடிவு வந்த பின்னர் விண்ணப்பித்தால், சான்றிதழ் வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடலாம். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்பொழுதே விண்ணப்பிப்பதுதான் அறிவுடைமை.

மாநிலக் கல்வி நிறுவனங்களில் பழங்குடியினருக்கான ஒதுக்கீடு 1 விழுக்காடு. அறுபது இடங்கள் உள்ள வகுப்பில் இது ஓரிடம்கூட ஆகாது. ஆகவே ஒரே கல்லூரியில் ஒரே பாடத்தை மட்டும் நம்பியிராமல், பல பாடங்களுக்கும் பல கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்தல் வேண்டும். பொதுப் போட்டியில் இடம் பெறத்தக்க மதிப்பெண்ணும் தேடுதல் வேண்டும்.

பஞ்சாயத்துக்கள் ஆற்றவேண்டிய பணி

கல்லூரிக் கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. ஆனால் குடும்பத்தின் செலவைக் குறைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. மே முதல் நாள் கூடும் கிராம சபை, பெரும்பாலும் தேர்வு முடிவுக்குச் சிறிது முன்னதாகவே அமைகின்றது. அன்று பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் பட்டியலைப் படித்து, யாருக்குச் சான்றிதழ் இல்லை, யாருக்கு வங்கிக் கணக்கு இல்லை, யாருக்கு விடுதி வேண்டும் என்று குறித்துக்கொள்ளலாம். இணையவழி விண்ணப்பத்துக்கு உதவ, ஊரில் கல்லூரி சென்ற இளைஞர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம். மாணவர் செல்லும் நேரத்துக்கேற்பப் பேருந்து விடுமாறு போக்குவரத்துக் கழகத்துக்குத் தீர்மானம் அனுப்பலாம். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில், சேர்ந்த பிள்ளைகள் தொடர்ந்து படிக்கிறார்களா என்று விசாரிக்கலாம்.

இக்கடைசிப் பணியே மிக முக்கியமானது. ஒரு படிப்பின் விலை அதன் கட்டணத்தில் இல்லை. பாதியில் நின்ற படிப்பே எல்லாவற்றிலும் விலை மிகுந்த படிப்பு. செலவிட்டது அனைத்தும் போய், பட்டமும் கைக்கு வராமல், பிள்ளையின் தன்னம்பிக்கையும் குலைகின்றது. முடித்த படிப்போ, குடும்பம் சிறிது துன்புற்றுப் பெற்றதாயினும், அடுத்த தலைமுறைக்கும் துணை நிற்கும். தலைச்சோலையிலிருந்து ஒரு பெண் இறங்கிச் சென்று பட்டத்துடன் திரும்பினால், அவளுக்குப் பின்னே வருகின்ற பிள்ளைகளுக்கு அந்த வழி பழகிய வழியாகிவிடும். அவ்வழியைச் செப்பனிட்டு வைப்பது, சாலையையும் குடிநீரையும் போலவே, ஊராரின் பொறுப்பாகும்.