வாரும்போது காதுக்குள்ளும் பாருங்கள்

உங்கள் வீட்டு நாய்க்கு முடி வாரிவிடும்போது சீப்போடு நிறுத்திவிடாதீர்கள். உடல் முழுவதும் கையால் தடவிப் பாருங்கள். காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கு ஆகியவை உண்ணி பதுங்க விரும்பும் இடங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டைமுடி நாய்களிடம் சட்டென்று தட்டுப்பட்டுவிடும். பொமரேனியனுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஒரே ஒரு உண்ணிதானே என்று விட்டுவிடக் கூடாது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எர்லிகியா என்ற கிருமியைப் பரப்புவதும் உண்ணிதான். அது தொற்றினால் நாய்க்குக் காய்ச்சல் வரும், சாப்பாடு இறங்காது, சில நேரம் மூக்கிலிருந்து இரத்தம்கூடக் கசியும்.

உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். சிறிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுத்து எடுங்கள். பிறகு கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அதனால் குளிப்பாட்ட நாய்களுக்கென்று உள்ள ஷாம்பூவே நல்லது. குளித்ததும் காதை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே போடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்து பூனையின் உயிரையே பறித்துவிடும்.