ஓடைக்குக் கணக்கு எழுதுவோர்

நேயர்களே, திரிங்காப்பில் பெருமழை விட்ட மறுநாள், தோட்டத்து ஓடை பால் தேநீர் நிறத்தில் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காட்டிலிருந்து வரும் ஓடை அவ்வளவு கலங்குவதில்லை. ஏன் இந்த வேறுபாடு? கண்ணால் பார்த்தது போதாது, அளந்தே சொல்ல வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஓடையருகே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

தகரக் கூரையில் விழும் மழை ஓரத்துக் குழாய் வழியே ஒரே வாளியில் சேருகிறதல்லவா? மலையும் அப்படித்தான். ஓர் ஓடைக்கு நீர் தரும் சரிவு முழுவதையும் நீர்ப்பிடிப்பு என்கிறோம். அது முடியும் இடத்தில் சிறு சிமெண்டு அணை கட்டி, நடுவில் ஆங்கில 'வி' எழுத்தைப்போல் ஒரு வெட்டு விடுகிறார்கள். வெட்டில் நீர் ஏறும் உயரத்தைக் கொண்டு நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று கணக்கிடலாம்.

நெகிரி செம்பிலானில் பெரெம்புன் காட்டில் 1979ஆம் ஆண்டு இப்படி மூன்று சிறு நீர்ப்பிடிப்புகளில் வேலை தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் ஒரு மரத்தையும் தொடாமல் வெறுமனே அளந்தார்கள். "இது என்ன வீண் வேலை?" என்று கேட்கத் தோன்றும். கொழுந்து நிறுக்கும் இரண்டு தராசுகளை ஒப்பிட வேண்டுமானால், முதலில் ஒரே கூடையை இரண்டிலும் நிறுத்துப் பார்க்க வேண்டாமா? அதுபோலத்தான். ஓர் ஆண்டு மழை கொட்டும், ஓர் ஆண்டு காயும். ஓடைகளின் இயல்பு தெரிய நாளாகும். 1983இல் ஒரு நீர்ப்பிடிப்பில் வழக்கம்போல் மரம் வெட்டினார்கள். இன்னொன்றில் ஓடைக்கரை மரங்களை விட்டுவைத்துக் கண்காணிப்போடு வெட்டினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள்.

மரம் போனால் ஓடை வற்றும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் வெட்டிய இரண்டு ஓடைகளிலும் நீர் கூடியது! வழக்கம்போல் வெட்டிய இடத்தில் அதிகமாகக் கூடியது. மரம் உறிஞ்சும் நீரும், இலையில் தங்கி ஆவியாகும் மழையும் ஓடைக்கு வந்துவிட்டன. பகாங்கில் 1977இல் தொடங்கிய சுங்கை தெக்காம் ஆய்விலும், காட்டை அழித்துக் கொக்கோவும் செம்பனையும் நட்டபோது நீர் கூடியது. ஆகவே நீரின் அளவை மட்டும் பார்த்து மகிழ்வது பேதைமை. கூடவே வருவது மண். கரை மரங்களை விட்ட ஓடையில் கலங்கல் மிகக் குறைவாக இருந்தது. மேலும், பிரிஞ்சாங் உச்சியின் பாசிக் காடு மூடுபனியிலிருந்தே நீரை வடித்துத் தருகிறது. அதை வெட்டினால் அந்த வரவும் நிற்கும்.

நம் மலையையும் அளந்திருக்கிறார்கள். 1956இல் வெளிவந்த அறிக்கையின்படி, பெரும்பாலும் காடு மூடியிருந்த தெலோம் ஆற்றைவிட, தேயிலையும் காய்கறியும் பயிரான பெர்தாம் ஆறு, சம பரப்புக்குப் பல மடங்கு மண்ணைச் சுமந்தது. அடர்ந்து மூடிய பழைய தேயிலை மண்ணை ஓரளவு பிடித்துக்கொள்ளும். புதிதாக வெட்டிய சரிவும் மண் சாலையுமே மோசம். தெலோம் நீரும் சுரங்கம் வழியே பெர்தாமுக்குத் திருப்பப்பட்டு, 1963இல் முடிந்த ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணைக்கு வருகிறது. அங்கே படியும் சேற்றை ஓயாமல் அள்ள வேண்டியிருக்கிறது. மண் நிறைந்த அணையில் வெள்ளத்துக்கு இடம் ஏது? 2013 அக்டோபர் 23 அன்று, அணையைத் திறந்துவிட்டபின் பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களே போயின.

மழையை அளக்க நாமும் தொடங்கலாம். பக்கம் நேராக உள்ள காலி பால் டின், ஓர் அடிக்கோல், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் டின்னை வைத்து, தினமும் காலை 7 மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். மழை இல்லாத நாளுக்கு '0' என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், பெய்யவில்லையா, பார்க்க மறந்தார்களா என்று பிறகு யாருக்கும் தெரியாது.