ஓசை அடங்கிய கணினி

நுழையும்முன்

கணினி இன்று வீட்டிலும் பள்ளியிலும் நூலகத்திலும் இன்றியமையாத கருவியாகிவிட்டது. அதன் வேகத்தைப் பற்றிப் பேசும் நாம், அது உண்ணும் மின்சாரத்தையும் உமிழும் வெப்பத்தையும் எழுப்பும் ஓசையையும் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அப்பிணைப்பை அறிந்தால், குறைந்த மின்சாரத்தில் குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் இயங்கும் மேசைக் கணினியை நாமே அமைத்துக்கொள்ளலாம். அதற்கான அறிவியல் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

கோடைக்காலத்தில் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்திற்குள் நுழைவதாக எண்ணிக்கொள்வோம். இருபது கணினிகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. வெளியே இருப்பதைவிட உள்ளே வெப்பம் மிகுதியாக இருக்கிறது. விசிறிகளின் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்திப் பாடம் நடத்துகிறார் ஆசிரியர். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவி எழுப்பிய ஐயம் அவர் செவியை எட்டவில்லை. ஒருமுறை கேட்டுப் பார்த்த அவள், மறுமுறை கேட்கவில்லை. கற்பதற்காக வாங்கிய கருவியே கற்றலுக்குத் தடையாகிவிடும் இந்நிலை தவிர்க்க முடியாததன்று. இதன் காரணத்தை அறிந்தால் தீர்வும் புலப்படும்.

மின்னாற்றல் எங்கே செல்கிறது?

மாவரைக்கும் இயந்திரம் தான் பெறும் மின்னாற்றலின் பெரும்பகுதியை இயக்க ஆற்றலாக மாற்றுகிறது. கணினி அவ்வாறு எப்பொருளையும் தூக்குவதோ அரைப்பதோ இல்லை. திரையின் ஒளியாகவும் ஒலிபெருக்கியின் ஒலியாகவும் வெளிப்படும் சிறுபகுதி நீங்கலாக, அது பெறும் ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. 100 வாட் மின்திறனில் இயங்கும் கணினி, அறைக்குள் வைக்கப்பட்ட 100 வாட் வெப்பமூட்டிக்கு ஒப்பானது.

இச்சிக்கல் கணினி தோன்றிய காலந்தொட்டே உள்ளது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு, 1946ஆம் ஆண்டு உலகிற்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது ஏறத்தாழ 150 கிலோவாட் மின்திறனில் இயங்கியது. அவ்வெப்பத்தை வெளியேற்றப் பெரிய காற்றூதிகள் தேவைப்பட்டன. இன்றைய கணினி அதைவிடப் பன்மடங்கு வேகமானது. எனினும் வெப்பத்தை வெளியேற்றும் கடமை அதற்கும் உண்டு.

மின்னழுத்தமும் வெப்பமும்

கணினியில் வெப்பம் பெரிதும் பிறக்கும் இடம் செயலி. அதனுள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பலகோடி முறை திறந்து மூடுகின்றன. இச்செயல்பாட்டிற்குத் தேவைப்படும் மின்திறன், இயங்கும் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. எனவே, அதிர்வெண் மாறாமல் மின்னழுத்தத்தை மட்டும் 10 விழுக்காடு குறைத்தாலும் மின்திறன் 19 விழுக்காடு குறைகிறது. அதிர்வெண்ணையும் 10 விழுக்காடு குறைத்தால், மொத்தக் குறைவு ஏறத்தாழ 27 விழுக்காடாகிறது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, வெப்பத்தில் கால் பங்குக்கு மேல் தவிர்க்கலாம் என்பது இதன் பொருள்.

டிரான்சிஸ்டர்களின் அளவு சுருங்கும்போது மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டே சென்றால், ஒரு குறிப்பிட்ட பரப்பில் தோன்றும் வெப்பம் மிகாது என்று ஐ.பி.எம். நிறுவன அறிஞர் இராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974ஆம் ஆண்டு விளக்கினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கணினித்துறை இவ்வழியே வளர்ந்தது. டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறியனவானபோது, மூடியிருக்கும் நிலையிலும் அவற்றின் வழியே மின்னோட்டம் கசிந்தது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலவில்லை. 2005ஆம் ஆண்டை ஒட்டி, அதிர்வெண்ணை மேன்மேலும் உயர்த்தும் போட்டி தளர்ந்தது. ஒரே செயலிக்குள் பல உட்கருக்களை அமைத்து, வேலையைப் பகிர்ந்தளிக்கும் முறை மேலோங்கியது.

செயலியை வாங்கும்போது 35 வாட், 65 வாட், 125 வாட் என அதன் வெப்ப வடிவமைப்புத் திறன் குறிப்பிடப்பட்டிருப்பதைக் காணலாம். கடிதம் எழுதவும் பாடம் கற்கவும் நிரல் எழுதிப் பழகவும் 35 அல்லது 65 வாட் செயலியே போதும். அச்செயலிக்குள்ளேயே வரைவியல் பகுதியும் அமைந்திருந்தால், தனி வரைவியல் அட்டை தேவையில்லை. உயர்திறன் வரைவியல் அட்டை செயலியைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை உண்ணக்கூடியது. காணொலித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு போன்ற பணிகளைச் செய்வோருக்கே அது தேவைப்படும்.

வெப்பம் வெளியேறும் வழி

செயலியில் பிறந்த வெப்பம் அறையின் காற்றை அடைந்தாக வேண்டும். அதன் பயணத்தில் சில படிகள் உள்ளன. செயலியின் மேற்பரப்பும் அதன்மீது பொருத்தப்படும் உலோகத் தகட்டுத் தொகுதியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், அவற்றுக்கிடையே நுண்ணிய பள்ளங்கள் உள்ளன. அப்பள்ளங்களில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு மிகுதி. எனவே, அவ்விடைவெளியை வெப்பப் பசையால் நிரப்புகின்றனர். பசை மெல்லிய படலமாக இருத்தல் வேண்டும். மிகுதியாகத் தடவினால் அதுவே தடையாகும்.

அடுத்த படியில் வெப்பக்குழாய் உதவுகிறது. உள்ளே காற்று நீக்கப்பட்டு, சிறிதளவு நீர் இட்டு மூடப்பட்ட செம்புக் குழாய் இது. சூடான முனையில் நீர் ஆவியாகிறது. குளிர்ந்த முனைக்கு விரைந்து, அங்கே வெப்பத்தை விட்டு மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், தொடங்கிய இடத்திற்கே திரும்புகிறது. மின்சாரமோ சுழலும் உறுப்போ இன்றி இச்சுழற்சி இடைவிடாது நிகழ்கிறது. முடிவில், அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளின் அகன்ற பரப்பிலிருந்து வெப்பம் காற்றில் கலக்கிறது.

இவ்வமைப்பின் திறனை எளிய கணக்கால் அளவிடலாம். ஒரு வாட் வெப்பத்திற்கு 0.5 பாகை செல்சியஸ் உயரும் தகட்டுத் தொகுதி நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். கோடையில் அறை வெப்பநிலை 38 பாகை. 35 வாட் செயலி 17.5 பாகை உயர்ந்து 55.5 பாகையில் நிற்கும். 65 வாட் செயலி 70.5 பாகையை எட்டும். 125 வாட் செயலியோ 100 பாகையைக் கடந்துவிடும். அந்நிலையை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அல்லது விசிறி மிக வேகமாகச் சுழல வேண்டும். மிகுவேகச் செயலியை வாங்கியும் அதன் வேகத்தை நுகர இயலாது போவது இவ்வாறே. அறையின் வெப்பநிலைக்குக் கீழே எந்த விசிறியும் செயலியைக் குளிர்விக்க இயலாது என்பதும் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

1977ஆம் ஆண்டு வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் விசிறியே இல்லை. வெப்பத்தைக் குறைவாக வெளியிடும் நிலைமாற்று மின்வழங்கியை இராட் ஹோல்ட் என்னும் பொறியாளர் அதற்கென வடிவமைத்ததே அதற்குக் காரணம். வெப்பம் பிறப்பதையே குறைத்தால் அதை விரட்டும் கருவி வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

விசிறியின் கணக்கு

விசிறியின் வேகத்தை இருமடங்காக்கினால் காற்றின் அளவும் இருமடங்காகும். ஆனால், அதற்குத் தேவையான மின்திறன் எட்டு மடங்காகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபெல் உயரும். ஓசை 10 டெசிபெல் உயர்ந்தாலே நம் செவிக்கு அது இருமடங்காகத் தோன்றும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே, சிறிய விசிறியை விரைவாகச் சுழற்றுவதைவிடப் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவதே சிறந்தது. 80 மில்லிமீட்டர் விசிறி தள்ளும் அதே அளவு காற்றை, ஒத்த வடிவமுள்ள 120 மில்லிமீட்டர் விசிறி, கோட்பாட்டின்படி, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வேகத்தில் தள்ளிவிடும்.

நான்கு முனை இணைப்புள்ள விசிறிகளின் வேகத்தை, வெப்பநிலைக்கு ஏற்பத் தாய்ப்பலகையே கூட்டவும் குறைக்கவும் வல்லது. இவ்வேகம் நொடிக்கு நொடி ஏறி இறங்காதவாறு அமைத்தல் நலம். சீரான மெல்லோசையை மனம் விரைவில் மறந்துவிடும். மாறிக்கொண்டே இருக்கும் ஓசையே கவனத்தைக் கலைக்கும்.

வன்தட்டும் ஓசைக்கு ஒரு காரணம். நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழலும் வன்தட்டின் அதிர்வு, கணினிப் பெட்டியின் தகட்டில் பரவி முரலொலியாகக் கேட்கும். சுழலும் உறுப்புகளே இல்லாத திண்மநிலைச் சேமிப்பகம் ஓசையின்றி, குறைந்த மின்சாரத்தில் விரைந்து செயல்படுகிறது. பெருமளவு தரவுகளைச் சேமிக்க வன்தட்டு தேவைப்படின், அதை இரப்பர் வளையங்களின்மீது பொருத்தி அதிர்வைத் தணிக்கலாம்.

மின்வழங்கியின் பங்கு

சுவரிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தைக் கணினிக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது மின்வழங்கி. இம்மாற்றத்தின்போதும் ஆற்றல் வீணாகிறது. உறுப்புகளுக்கு 80 வாட் தேவையெனில், 70 விழுக்காடு பயனுறுதிறன் உடைய மின்வழங்கி ஏறத்தாழ 114 வாட் பெற்று, 34 வாட்டை வெப்பமாக்கி வீணடிக்கும். 90 விழுக்காடு பயனுறுதிறன் உடையதோ 89 வாட் மட்டுமே பெறும். வீணாவது 9 வாட்தான். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘80 ப்ளஸ்’ தரச்சான்று, முழுச்சுமையிலும் அதன் பாதியிலும் ஐந்தில் ஒரு பங்கிலும் குறைந்தது 80 விழுக்காடு பயனுறுதிறனை எதிர்பார்க்கிறது. சுமை மிகவும் குறைந்தால் பயனுறுதிறனும் குறையும். ஆதலால், 80 வாட் தேவைக்கு 750 வாட் மின்வழங்கியை வாங்குவது சிறப்பன்று.

பெட்டியும் பராமரிப்பும்

கணினிப் பெட்டியின் முன்புறம் கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, பின்புறம் மேலே சூடான காற்று வெளியேறுவது நல்ல அமைப்பு. சூடான காற்று இயல்பாகவே மேலெழும் தன்மையுடையது; விசிறிகள் அதற்குத் துணைநிற்க வேண்டுமேயன்றி எதிர்நிற்கக் கூடாது. கம்பிவடங்களைக் காற்றின் வழியில் தொங்கவிடாமல் ஒதுக்கிக் கட்ட வேண்டும். உள்வரும் வழியில் தூசு வடிகட்டி இருத்தல் நன்று. சுவரையொட்டியோ மூடிய மேசைப் பெட்டிக்குள்ளோ கணினியை வைத்தால், வெளியேறிய வெப்பமே மீண்டும் உள்ளே நுழையும்.

தகடுகளுக்கிடையே படியும் தூசு, கம்பளி போர்த்தியதுபோல் வெப்பத்தைச் சிறைப்படுத்தும். சில மாதங்களுக்கு ஒருமுறை கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, மென்தூரிகையால் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் கணினி உறக்கநிலைக்குச் செல்லுமாறு அமைத்தால், அது சில வாட் அளவே மின்சாரம் பெறும்.

சிறு மாற்றம், பெரும் பயன்

முதலில் கண்ட ஆய்வகத்திற்குத் திரும்புவோம். ஒவ்வொரு கணினியும் சராசரியாக 120 வாட் பெறுவதாகக் கொண்டால், இருபது கணினிகள் 2,400 வாட் வெப்பத்தை வெளியிடும். இது 800 வாட் இஸ்திரிப்பெட்டிகள் மூன்றினை அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம். அவற்றுக்கு மாற்றாக 45 வாட் கணினிகளை அமைத்தால் 1,500 வாட் குறையும். நாளொன்றுக்கு 6 மணிநேரம், ஆண்டுக்கு 200 நாள்கள் எனில், மிச்சமாகும் மின்சாரம் 1,800 யூனிட்.

ஓசையிலும் இதே கணக்கு உண்டு. ஓரிடத்தில் சம அளவில் கேட்கும் இருபது கணினிகளின் மொத்த ஓசை, ஒன்றன் ஓசையைவிட 13 டெசிபெல் மிகுதியாகும். தனித்து நிற்கையில் பொறுத்துக்கொள்ளத்தக்க ஓசையும், இருபதாகப் பெருகும்போது பாடத்தை மறைத்துவிடும். ஆதலால், ஒவ்வொரு கணினியிலும் நாம் குறைக்கும் ஓசை அறை முழுவதற்கும் குறைகிறது.

தேவையை அளந்து அதற்கேற்ற செயலியைத் தேர்தல், தகடும் விசிறியும் பெரியனவாக அமைத்தல், பொருத்தமான மின்வழங்கியைக் கொள்ளல், காற்றின் வழியைத் திறந்து வைத்தல், தூசு படியாது காத்தல் ஆகிய ஐந்தும் அமைதியான கணினிக்கு அடிப்படை. இவற்றுள் முதலாவதே தலையாயது. பிறந்த வெப்பத்தை விரட்டுவதைவிட, அதைப் பிறவாமல் தடுப்பது எளிது, செலவும் குறைவு. அவ்வாறு அமைந்த ஆய்வகத்தில் ஆசிரியர் இயல்பான குரலில் பேசலாம். கடைசி வரிசை மாணவியின் ஐயமும் அவர் செவியை எட்டும்.

கலைச்சொல் அறிவோம்

ப்ராசசர் – செயலி
மதர்போர்டு – தாய்ப்பலகை
கிராஃபிக்ஸ் கார்டு – வரைவியல் அட்டை
ஹார்டு டிஸ்க் – வன்தட்டு
பவர் சப்ளை – மின்வழங்கி
ஹீட் பைப் – வெப்பக்குழாய்
எஃபிஷியன்சி – பயனுறுதிறன்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்திலுள்ள கணினிகளின் எண்ணிக்கையையும் அவை இயங்கும் நேரத்தையும் கேட்டறிந்து, ஓராண்டில் பயன்படும் மின்சாரத்தைக் கணக்கிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. கணினியைத் தூய்மை செய்யும்போது பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு முறைகளைச் சுவரொட்டியாக எழுதி ஆய்வகத்தில் வைக்க.

மதிப்பீடு

குறுவினா
1. வெப்பப் பசை எதற்குப் பயன்படுகிறது?
2. பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவது ஏன் சிறந்தது?

சிறுவினா
1. வெப்பக்குழாய் செயல்படும் முறையை விளக்குக.
2. மின்னழுத்தத்தைக் குறைப்பதால் விளையும் பயனைக் கணக்கிட்டுக் காட்டுக.

நெடுவினா
‘பிறந்த வெப்பத்தை விரட்டுவதைவிட, அதைப் பிறவாமல் தடுப்பது எளிது’ – பாடப்பகுதியின் துணைகொண்டு இக்கூற்றை நிறுவுக.